நோய் தரும் பாக்டீரியா சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுப்பது எப்படி: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் பாதையான கிளைக்காலிசிஸின் 10 படிகளையும் ஒப்பிக்கத் தெரிந்தவரிடம், சால்மோனெல்லா வளர்ந்த குழாயில் மேல்பகுதி சிவப்பாகவும் கீழ்ப்பகுதி மஞ்சளாகவும் ஏன் இருக்கிறது என்று கேட்டால் பல நேரம் பதில் வராது. நொதிகளின் பெயர்கள் மனதில் இருக்கும், அவை எதற்காக வேலை செய்கின்றன என்பது பிடிபட்டிருக்காது.

அதனால் இங்கே பெயர்களைக் குறைத்துக்கொண்டு ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு போகலாம். சர்க்கரையிலிருந்து பிடுங்கப்படும் எலக்ட்ரான்கள் கடைசியில் எதன் தலையில் விழுகின்றன? ஒரு கிருமி அமிலம் சுரக்குமா, வாயு விடுமா, காற்றில்லாத இடத்தில் பிழைக்குமா, எந்த மருந்துக்கு மடியும் என்பதில் பெரும்பகுதியை இந்தக் கேள்வியே தீர்மானிக்கிறது.

படி 1: முதலில் சர்க்கரை கிடைக்க வேண்டும்

நம் இரத்தத்தில் குளுக்கோஸ் தாராளமாக இருக்கிறது, லிட்டருக்கு ஏறக்குறைய 5 மில்லிமோல். ஆனால் பெரும்பாலான கிருமிகள் வாழ்க்கையை இரத்தத்தில் தொடங்குவதில்லை. மூக்கிலும் தொண்டையிலும் குடலிலும் தனிக் குளுக்கோஸ் மிகக் குறைவு. அங்கே இருக்கும் சர்க்கரை வேறு மாதிரி: சளியின் மியூசின் புரதத்தில் சங்கிலி சங்கிலியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

நிமோனியா தரும் நிமோகாக்கஸ் இதை எப்படிச் சமாளிக்கிறது என்று பாருங்கள். சங்கிலியின் நுனியில் பெரும்பாலும் சியாலிக் அமிலம் இருக்கும். நியூரமினிடேஸ் என்ற நொதியால் முதலில் அதை வெட்டுகிறது. அடியிலிருக்கும் கேலக்டோஸ் வெளியே தெரிந்ததும் பீட்டா கேலக்டோசிடேஸால் அதையும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. பாடப்புத்தகத்தில் நியூரமினிடேஸை நோயுண்டாக்கும் காரணிகள் என்ற பட்டியலில் படித்திருப்போம். கிருமியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சாப்பாட்டுக்கான ஏற்பாடும்தான்.

பல்லைச் சொத்தையாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் சுக்ரோஸை இரண்டு வழிகளில் பயன்படுத்துகிறது. ஒரு பங்கை உள்ளே இழுத்து உடைக்கிறது. இன்னொரு பங்கை வெளியிலேயே குளுக்கான் என்ற பிசினாக மாற்றிப் பல்லோடு ஒட்டிக்கொள்கிறது.

படி 2: உள்ளே இழுத்தல்

ஈ. கோலை, சால்மோனெல்லா போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாவுக்கு வெளிச்சவ்வு என்று ஒன்று கூடுதலாக உண்டு. சர்க்கரை அதிலுள்ள போரின் துளைகள் வழியாகத் தானாகக் கசிந்து உள்ளே வரும். உண்மையான வேலை உள்சவ்வில் நடக்கிறது.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் நம் செல்களில் இல்லாத ஓர் ஏற்பாடு இது. பாஸ்போடிரான்ஸ்ஃபரேஸ் அமைப்பு, சுருக்கமாகப் பிடிஎஸ். சால் ரோஸ்மன் குழுவினர் 1964-இல் இதை ஈ. கோலையில் கண்டறிந்தார்கள். சர்க்கரை சவ்வைக் கடக்கிற அதே நிகழ்வில் அதன்மேல் ஒரு பாஸ்பேட் ஏற்றப்படுகிறது. குளுக்கோஸாக வந்தது குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டாகத்தான் உள்ளே இறங்கும். பாஸ்பேட் ஏறிய சர்க்கரை மின்னூட்டம் கொண்டது, சவ்வைத் தாண்டி வெளியே நழுவ முடியாது.

அந்தப் பாஸ்பேட்டைக் கொடுப்பது செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி இல்லை. பாஸ்போஈனால்பைருவேட் என்ற 3 கார்பன் மூலக்கூறு கொடுக்கிறது. அதிலிருந்து நொதி 1, பிறகு எச்பிஆர் என்ற சிறு புரதம், பிறகு நொதி 2-இன் பகுதிகள், கடைசியில் சர்க்கரை என்று பாஸ்பேட் கைமாறுகிறது. ஒரு குளுக்கோஸ் உடைந்தால் இரண்டு பாஸ்போஈனால்பைருவேட் கிடைக்கும். ஒன்றை அடுத்த குளுக்கோஸை இழுக்கச் செலவழித்துவிட்டு, மற்றதிலிருந்து ஏடிபி எடுக்கலாம். இழுக்கும் செலவும் பாஸ்பேட் ஏற்றும் செலவும் ஒரே கணக்கில் முடிந்துவிடுவதால் உணவு குறைவான இடத்தில் இது பெரிய லாபம்.

இதே அமைப்பு உளவாளி வேலையும் பார்க்கிறது. குளுக்கோஸ் தாராளமாக உள்ளே வந்துகொண்டிருக்கும்போது நொதி 2-இன் ஒரு பகுதி பாஸ்பேட் இல்லாமல் காலியாக இருக்கும். அந்த நிலையில் அது லாக்டோஸைக் கடத்தும் புரதத்தைப் பிடித்து நிறுத்திவிடும். குளுக்கோஸ் தீர்ந்ததும் அதில் பாஸ்பேட் தங்கிவிடும். அது சுழல் ஏஎம்பி என்ற சமிக்ஞை மூலக்கூறு உருவாவதைத் தூண்ட, லாக்டோஸ் உள்ளிட்ட மற்ற சர்க்கரைகளுக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்ளும். இரண்டு சர்க்கரைகளைக் கலந்து கொடுத்தால் ஈ. கோலை ஒன்றை முடித்து, சற்று நின்று, பிறகு அடுத்ததைத் தொடுவதை ஜாக் மோனோ 1940-களின் தொடக்கத்தில் கவனித்தார். அந்த இடைநிறுத்தத்தின் பின்னணி இதுதான்.

எல்லாருக்கும் பிடிஎஸ் வேண்டும் என்பதில்லை. லிஸ்டீரியா நம் செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. அங்கே குளுக்கோஸ்-6-பாஸ்பேட் ஏற்கெனவே தயாராகக் கிடைக்கிறது. அதை அப்படியே இழுக்க ஒரு தனிக் கடத்தி வைத்திருக்கிறது. அந்தக் கடத்தியை இயக்கும் அதே கட்டுப்பாட்டுப் புரதம்தான் அதன் நோயுண்டாக்கும் மரபணுக்களையும் இயக்குகிறது.

படி 3: குளுக்கோஸிலிருந்து பைருவேட் வரை

இதற்கு மூன்று பாதைகள் உண்டு. முதலாவது நமக்குத் தெரிந்த கிளைக்காலிசிஸ். 6 கார்பன் சர்க்கரை இரண்டாகப் பிளந்து இரண்டு 3 கார்பன் பைருவேட் ஆகிறது. தொடக்கத்தில் 2 ஏடிபிக்குச் சமமான ஆற்றல் முதலீடு, பிறகு 4 வரவு, கையில் நிற்பது 2. கூடவே எலக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறான என்ஏடிஎச் 2. இந்தக் கடைசி எண்ணை மறக்காதீர்கள், அடுத்த படி முழுக்க அதைப் பற்றியதுதான்.

இரண்டாவது என்ட்னர்-டௌடோரஃப் பாதை. 1952-இல் ஒரு சூடோமோனாஸ் இனத்தில் கண்டறியப்பட்டது. இதில் ஒரு குளுக்கோஸுக்கு 1 ஏடிபி, 1 என்ஏடிஎச், அதைப்போலவே எலக்ட்ரான் சுமக்கும் 1 என்ஏடிபிஎச். லாபம் பாதிதான். ஆனால் தேவைப்படும் நொதிகளும் குறைவு. தீக்காயத்திலும் நுரையீரலிலும் தொல்லை தரும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவிடம் கிளைக்காலிசிஸுக்குத் தேவையான பாஸ்போஃப்ரக்டோகைனேஸ் என்ற நொதி கிடையாது. அதனால் அதற்கு இந்தப் பாதைதான். போதாக்குறைக்கு அது சர்க்கரைப் பிரியரும் இல்லை. சக்சினேட் போன்ற கரிம அமிலமும் குளுக்கோஸும் சேர்ந்து கிடைத்தால் அமிலத்தைத்தான் முதலில் தொடும்.

மூன்றாவது பென்டோஸ் பாஸ்பேட் பாதை. ஏடிபிக்காக அல்லாமல், டிஎன்ஏ கட்ட ரைபோஸும் கொழுப்பு கட்ட என்ஏடிபிஎச்சும் எடுப்பதற்காக இது ஓடுகிறது. ஆற்றல் என்ற நம் தலைப்பில் இதற்கு இவ்வளவு போதும்.

படி 4: என்ஏடி காலியாக வேண்டும்

பலரும் தாண்டிப்போகும் இடம் இது. என் பார்வையில் பாடத்தின் நடுநாயகமே இதுதான்.

கிளைக்காலிசிஸின் நடுவில் சர்க்கரைத் துண்டிலிருந்து எலக்ட்ரான்களை என்ஏடி என்ற மூலக்கூறு வாங்கிக்கொண்டு என்ஏடிஎச் ஆகிறது. செல்லுக்குள் என்ஏடியின் அளவு மிகக் குறைவு. சுமையேற்றிய கூடையைக் கொட்டிவிட்டு வந்தால்தான் சித்தாள் அடுத்த நடை போக முடியும். கூடைகள் எல்லாம் நிரம்பி நின்றுவிட்டால், குளுக்கோஸ் குவிந்து கிடந்தாலும் கிளைக்காலிசிஸ் அந்த இடத்திலேயே நின்றுபோகும், ஏடிபி வரவும் நின்றுபோகும்.

ஆகவே கிருமியின் அவசரப் பிரச்சினை எலக்ட்ரான்களை எங்கே கொட்டுவது என்பதே. இரண்டு வழிகள் இருக்கின்றன. வெளியிலிருந்து ஆக்சிஜன், நைட்ரேட் போன்ற ஏதாவது கிடைத்தால் அதன்மேல் கொட்டலாம், அது சுவாசம். எதுவும் கிடைக்காவிட்டால் கையிலிருக்கும் பைருவேட்டின் மேலேயே, அல்லது அதிலிருந்து பிறந்த பொருளின் மேல் கொட்டலாம், அது நொதித்தல். நொதித்தலில் வெளிவரும் அமிலமும் ஆல்கஹாலும் கிருமி வேண்டுமென்று தயாரித்தவை என்று நினைக்க வேண்டாம், எலக்ட்ரானைச் சுமந்துகொண்டு வெளியேறும் கழிவுகள் அவை.

படி 5: நொதித்தல், கிருமிக்குக் கிருமி வேறுபடும் விதம்

எளிமையானது லாக்டிக் வகை. பைருவேட் நேராக எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு லாக்டேட் ஆகிவிடும். வாயு வராது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் குடும்பத்தில் பெரும்பாலானவை இப்படித்தான். மியூட்டன்ஸ் பல்லின்மேல் உட்கார்ந்து இதைச் செய்யும்போது சுற்றிலும் பிஎச் சரிகிறது. ஏறக்குறைய 5.5-க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்கும். ஃப்ளோரைடு எனாமலை உறுதியாக்குவதோடு, ஈனோலேஸ் என்ற கிளைக்காலிசிஸ் நொதியையும் தடுக்கிறது. பாஸ்போஈனால்பைருவேட்டைத் தருவதே அந்த நொதிதான் என்பதால், பிடிஎஸ் வழியாகச் சர்க்கரை இழுப்பதும் கூடவே தளரும்.

ஈ. கோலை, சால்மோனெல்லா, ஷிகெல்லா கூட்டத்தின் வழி கலப்பு அமில வகை. பைருவேட் பல திசைகளில் பிரிந்து லாக்டிக், அசிட்டிக், சக்சினிக், ஃபார்மிக் அமிலங்களும் எத்தனாலும் வரும். ஃபார்மிக் அமிலத்தை ஈ. கோலை மேலும் உடைத்து ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் ஆக்குகிறது. ஆய்வகக் குழாயில் நாம் பார்க்கும் வாயுக் குமிழி அதுதான். ஷிகெல்லாவும் டைஃபாய்டு தரும் சால்மோனெல்லா டைஃபியும் பொதுவாக வாயு விடுவதில்லை. அவற்றில் ஃபார்மிக் அமிலத்தை உடைக்கும் இந்தக் கடைசிப் படி நடப்பதில்லை. அதுவரை எல்லாம் ஒன்றுதான்.

கிளெப்சியெல்லாவும் என்டரோபாக்டரும் அமிலத்தைக் குறைத்துக்கொண்டு அசிட்டோயின், பியூட்டேன்டையால் என்ற நடுநிலைப் பொருட்களுக்குத் திருப்பிவிடுகின்றன. எம்ஆர் (மெத்தில் ரெட்), விபி (வோகஸ்-பிராஸ்கவர்) என்று பரிசோதனைகளை ஜோடியாகச் செய்வதன் பொருள் இதுதான். மெத்தில் ரெட் சிவப்பாக நின்றால் பிஎச் 4.4-க்குக் கீழே இறங்கும் அளவுக்கு அமிலம் குவிந்திருக்கிறது. வோகஸ்-பிராஸ்கவர் பாசிட்டிவ் என்றால் அசிட்டோயின் இருக்கிறது. ஈ. கோலை முதலாவதில் பாசிட்டிவ், இரண்டாவதில் நெகட்டிவ். கிளெப்சியெல்லா பெரும்பாலும் நேர்மாறு.

காலரா கிருமியில் இந்த வேறுபாடு வரலாற்றையே தொடுகிறது. பழைய கிளாசிக்கல் வகை விபி நெகட்டிவ். 1961-இல் இந்தோனேசியாவின் சுலவேசியில் தொடங்கிய ஏழாவது பெருந்தொற்றைக் கொண்டுவந்த எல் டோர் வகை விபி பாசிட்டிவ். சர்க்கரை நிறைந்த இடத்தில் கிளாசிக்கல் வகை தன் அமிலத்திலேயே தானே மாட்டிக்கொள்ளும், எல் டோர் அசிட்டோயின் பக்கம் திருப்பித் தப்பித்துக்கொள்ளும். எல் டோர் பரவியதற்கு இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கைகொடுக்கக்கூடிய குணம்தான்.

கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் இன்னொரு கோடி. ஆக்சிஜன் இல்லாத, நசுங்கிய தசைக்குள் புகுந்தால் அங்குள்ள சர்க்கரையை வேகமாக நொதித்து அமிலமும் ஹைட்ரஜனும் கார்பன் டைஆக்சைடும் விடும். நல்ல சூழலில் ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. வாயு அழுகல் நோயில் தோலை அழுத்தினால் நறநறவென்று கேட்பதற்கு இந்த வாயுவே காரணம்.

நிமோகாக்கஸுக்கு ஒரு தந்திரம் உண்டு. ஆக்சிஜன் இருக்கும்போது பைருவேட்டில் ஒரு பங்கைப் பைருவேட் ஆக்சிடேஸிடம் கொடுக்கிறது. கிடைக்கும் அசிட்டைல் பாஸ்பேட்டிலிருந்து கூடுதலாக ஓர் ஏடிபி எடுத்துக்கொள்ளும். பக்கவிளைவாக வருவது ஹைட்ரஜன் பெராக்சைடு. அது மூக்கிலிருக்கும் மற்ற கிருமிகளை விரட்டுகிறது, நம் செல்களையும் புண்ணாக்குகிறது.

படி 6: சுவாசம்

வெளியே கொட்ட இடமிருந்தால் பைருவேட் அசிட்டைல் கோஏ ஆகி, கிரெப்ஸ் சுழற்சிக்குள் போய் முழுசாக எரிந்துவிடும். எலக்ட்ரான்கள் செல்சவ்வில் பதிந்த புரதங்கள் வழியாக நகரும்போது புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே பாயும் வேகத்தில் ஏடிபி சிந்தேஸ் சுழன்று ஏடிபி செய்கிறது. இந்தக் கருத்தை பீட்டர் மிட்செல் 1961-இல் முன்வைத்தபோது பலர் நம்பவில்லை, 1978-இல் நோபல் பரிசு வந்தது. பாக்டீரியாவுக்கு மைட்டோகாண்ட்ரியா இல்லை, செல்சவ்வே அந்த வேலையைச் செய்கிறது. பழைய புத்தகங்கள் ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபி என்று எழுதும். அது காகிதக் கணக்கு. உண்மையில் கிடைப்பது அதைவிடக் குறைவு. ஆனாலும் நொதித்தலின் 2-உடன் ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஆக்சிஜன் தீர்ந்தாலும் சுவாசம் நிற்க வேண்டியதில்லை. குடலைச் சேர்ந்த பல கிருமிகள் நைட்ரேட்டின் மேல் எலக்ட்ரானைக் கொட்டி நைட்ரைட் ஆக்கும். சிறுநீர்ப் பட்டைச் சோதனையில் நைட்ரைட் கட்டம் இளஞ்சிவப்பானால் இந்தச் சுவாசத்தின் தடயத்தைப் பார்க்கிறோம் என்று பொருள். என்டரோகாக்கஸ் நைட்ரேட்டைத் தொடாது. அதனால் அந்தத் தொற்றில் கட்டம் நிறம் மாறாமலே இருக்கும், தொற்று இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சால்மோனெல்லாவின் வழி இன்னும் கெட்டிக்காரத்தனமானது. அது குடலில் அழற்சியைக் கிளப்பும். அழற்சியில் நம் வெள்ளணுக்கள் வெளியிடும் ஆக்சிஜன் தனிமூலங்கள், குடலிலிருக்கும் தயோசல்ஃபேட்டை டெட்ராதயோனேட்டாக மாற்றும். அந்த டெட்ராதயோனேட்டின் மேல் எலக்ட்ரானைக் கொட்டி சால்மோனெல்லா சுவாசிக்கும். 2010-இல் எலிகளில் இது காட்டப்பட்டது. நொதித்தலை மட்டும் நம்பியிருக்கும் குடலின் வழக்கமான பாக்டீரியாக்கள் பின்தங்க, இது முந்திவிடும். கிருமியை அடிக்க உடல் வீசிய ஆயுதமே அதற்கு மூச்சாகிவிடுகிறது.

படி 7: இதையெல்லாம் ஒரு குழாயில் வாசிப்பது

தொடக்கத்தில் கேட்ட குழாய்க்கு இப்போது வரலாம். அதன் பெயர் டிரிப்பிள் சுகர் அயர்ன் அகார், டிஎஸ்ஐ. லாக்டோஸ் 1 சதவீதம், சுக்ரோஸ் 1 சதவீதம், குளுக்கோஸ் வெறும் 0.1 சதவீதம், கூடவே பெப்டோன் என்ற புரதத் துண்டுகள், இரும்பு உப்பு, பீனால் ரெட் என்ற நிறங்காட்டி. அமிலத்தில் மஞ்சள், காரத்தில் சிவப்பு. ஊசியால் அடிவரை குத்தி, சாய்வான மேற்பரப்பில் கோடிழுத்து, மூடியைத் தளர்வாக வைத்து, 35 முதல் 37 டிகிரியில் வைக்க வேண்டும். மூடியை இறுக்கினால் மேற்பரப்புக்குக் காற்று போகாது, விடை தப்பாகும்.

சால்மோனெல்லாவுக்குக் குளுக்கோஸ் மட்டுமே பயன்படும், லாக்டோஸும் சுக்ரோஸும் ஆகாது. முதல் சில மணி நேரம் குழாய் முழுக்க மஞ்சளாகும். பிறகு அந்தச் சொற்பக் குளுக்கோஸ் தீர்ந்துபோகும். மேற்பரப்பில் ஆக்சிஜன் உண்டு, அதனால் கிருமி பெப்டோனைப் பிடித்துக்கொள்ளும். அதிலிருந்து வரும் அம்மோனியா மேற்பரப்பைச் சிவப்பாக்கும். அடியில் காற்றில்லை, நொதித்தலில் வந்த அமிலம் அப்படியே தங்கி மஞ்சளாக நிற்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு வந்தால் இரும்போடு சேர்ந்து கருக்கும். டைஃபி வகையில் இந்தக் கருப்பு மிகக் குறைவு, பெரும்பாலும் குத்திய கோட்டோரம் மட்டும் தெரியும்.

ஷிகெல்லாவிலும் மேலே சிவப்பு, கீழே மஞ்சள், ஆனால் கருப்பும் இல்லை, வாயுவும் இல்லை. ஈ. கோலைக்கு லாக்டோஸ் தாராளமாக இருப்பதால் மேலும் கீழும் மஞ்சள், அகார் வாயுவால் பிளந்திருக்கும். சூடோமோனாஸ் நொதிக்கவே நொதிக்காது, எங்கும் மஞ்சள் இருக்காது.

வாசிக்கும் நேரம் 18 முதல் 24 மணி நேரத்துக்குள். அவசரப்பட்டு முன்னதாக எடுத்தால் சால்மோனெல்லா, ஈ. கோலைபோல முழு மஞ்சளாகத் தோன்றும். மறந்துபோய் இரண்டு நாள் விட்டால், லாக்டோஸை நொதிப்பவையும் சர்க்கரையை முடித்துவிட்டுப் பெப்டோனுக்குத் தாவி மேற்பரப்பைச் சிவப்பாக்கிவிடலாம். நேரத்தைக் குறிக்காத டிஎஸ்ஐ முடிவை நான் நம்பமாட்டேன்.

விதிக்குள் அடங்காதவை

கேம்பிலோபாக்டர் ஜெஜுனி குளுக்கோஸை ஏறெடுத்தும் பார்க்காது, அமினோ அமிலங்களில் காலம் தள்ளும். அதனால் சர்க்கரைச் சோதனைகள் அதற்கு உதவாது. காசநோய்க் கிருமி உடலுக்குள் பெரும்பாலும் கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் தின்னும். ரிக்கெட்சியாவிடம் கிளைக்காலிசிஸே இல்லை, நம் செல்லின் ஏடிபியை நேராகத் திருடுகிறது. சிஃபிலிஸ் தரும் ட்ரெப்போனிமா பாலிடம் இதற்கு எதிர்முனை. அதற்குக் கிரெப்ஸ் சுழற்சி கிடையாது, கிளைக்காலிசிஸை நம்பியே பிழைக்கிறது.

மூளைக்காய்ச்சலில் தண்டுவட நீரின் குளுக்கோஸ் குறைவதைப் பாக்டீரியா தின்றுவிட்டது என்று சொல்லிக்கொடுப்பார்கள். அதில் பாக்டீரியாவின் பங்கு சிறிதுதான். அழற்சியில் குளுக்கோஸ் மூளைப்பக்கம் கடத்தப்படுவது தடைபடுவதும், வெள்ளணுக்களும் மூளைத்திசுவும் கூடுதலாகச் செலவழிப்பதும் பெரிய காரணங்கள்.

படி 8: மருந்து எங்கே நுழைகிறது

மெட்ரோநிடசோல் தானாகக் கிருமியைக் கொல்லாது. காற்றில்லா பாக்டீரியாக்கள் பைருவேட்டை உடைக்கும்போது எலக்ட்ரானை ஃபெர்ரெடாக்சின் என்ற புரதத்துக்குக் கொடுக்கின்றன. அந்த எலக்ட்ரானை மருந்து பறித்துக்கொண்டதும் நச்சாக மாறி டிஎன்ஏவை நொறுக்கும். ஆக்சிஜனில் வாழும் கிருமிகளில் இந்த எலக்ட்ரான் கிடைக்காது, மருந்தும் சும்மா கிடக்கும்.

பெடாகுயிலின் காசநோய்க் கிருமியின் ஏடிபி சிந்தேஸைப் பிடித்து நிறுத்துகிறது. 2012 டிசம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஃபாஸ்ஃபோமைசின் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டின் கடத்தியிலும் ஏறி ஈ. கோலைக்குள் போகிறது. அதனால் ஆய்வகத்தில் இந்த மருந்தைச் சோதிக்கும் ஊடகத்தில் மில்லிலிட்டருக்கு 25 மைக்ரோகிராம் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் சேர்ப்பது விதி. அதைச் சேர்க்காவிட்டால் கடத்தி விழிக்காது, மருந்து வேலை செய்யும் கிருமியும் எதிர்ப்புள்ளதாகத் தோன்றிவிடும்.

ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைக்கோசைடுகள் செல்லுக்குள் நுழையச் சுவாசம் உண்டாக்கும் புரோட்டான் அழுத்தம் வேண்டும். காற்றில்லா பாக்டீரியாக்களிடம் அவை பலிக்காததற்குக் காரணம் அதுவே. மருந்துக்கு அசையாமல் சோம்பிக்கிடக்கும் ஈ. கோலை செல்களுக்கு மானிட்டால் போன்ற சர்க்கரையைக் கொடுத்து, கூடவே ஜென்டாமைசினையும் கொடுத்தால் அவை மடிகின்றன என்று 2011-இல் ஒரு ஆய்வு காட்டியது. சர்க்கரை கிடைத்ததும் என்ஏடிஎச் பெருகுகிறது, எலக்ட்ரான்கள் ஓடத் தொடங்குகின்றன, சவ்வில் அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தத்தோடு மருந்தும் உள்ளே போய்விடுகிறது. எலிகளின் சிறுநீர்த் தொற்றிலும் மானிட்டாலோடு இதைச் செய்து பார்த்தார்கள், அங்கேயும் பலன் கிடைத்தது.